சிறுவர்களிடையே கொரோனாச் சோதனை: எண்கள் உயர்வதும் தாழ்வதும் ஏன்?

ஆரம்ப சுகாதார நிலையங்களின் புறநோயாளர் பிரிவுக்குக் காய்ச்சலும் இருமலுமாக வரும் குழந்தைகளின் மூக்கினின்று சளி மாதிரி எடுக்கப்பட்டு, அதன் முடிவு பதிவேட்டில் ஒரு வரியாக எழுதப்படுகிறது. இத்தகைய வரிகள் பல்லாயிரம் சேர்ந்தே மாவட்டக் கணக்கு உருவாகிறது. மாவட்டக் கணக்குகள் சேர்ந்து, ஏறியும் இறங்கியும் செல்லும் ஒரு கோடாக வரைபடத்தில் இடம் பெறுகின்றன. 2020-ஆம் ஆண்டு தொடங்கிப் பல நாடுகளில், பள்ளிகளைத் திறப்பதா, மூடி வைப்பதா என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம் இக்கோட்டையே பலரும் நோக்கினர். ஆகையால் அக்கோடு எதனை அளக்கிறது, எதனை அளப்பதில்லை என்பதைப் பதிவேடு எழுதும் களப் பணியாளரும், அதன் விளைவை வகுப்பறையில் சந்திக்கும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலில் ஓர் எளிய உண்மையைக் கூற வேண்டும். புறநோயாளர் பிரிவின் கணக்கு ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளின் கணக்கு அன்று. அங்கு வந்த குழந்தைகளுள், சோதனை செய்யப்பட்டவர்களின் கணக்கே அது. எந்தக் குழந்தை வருகிறது, வந்த குழந்தைகளுள் யாருக்குச் சோதனை செய்யப்படுகிறது என்னும் இரண்டும் நோயின் போக்கை மட்டும் பொறுத்தவை அல்ல. பெற்றோரின் அச்சம், மருத்துவமனையின் தொலைவு, சோதனைக் கருவிகளின் இருப்பு, அரசு அவ்வப்போது வெளியிடும் விதிமுறை, பள்ளி நிர்வாகம் கேட்கும் சான்று ஆகிய யாவும் அதனை நிர்ணயிக்கின்றன.

தொற்றின் தொடக்க காலத்தை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். இந்தியாவில் முதல் நோயாளி 2020 ஜனவரி 30-ஆம் நாள் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டார். அப்பொழுது சோதனை வசதி மிகக் குறைவு. அயல்நாட்டிலிருந்து வந்தவர்களும், அவர்களுடன் நெருங்கிப் பழகியவர்களுமே முதலில் சோதிக்கப்பட்டனர். மார்ச்சு மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. குழந்தைகள் வீட்டுக்குள் இருந்தனர். அவர்களுக்கு நோய் கண்டாலும் பெரும்பாலும் லேசான காய்ச்சலாகவோ, அறிகுறியே இன்றியோ கழிந்துவிட்டது. ஆகவே அவர்களைச் சோதனைக்கு அழைத்து வரும் தேவை எழவில்லை. சோதனைக்கு வராத குழந்தை கணக்கிலும் வருவதில்லை.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்க நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 ஏப்ரல் மாதத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது தெரிந்த 1,49,082 நோயாளிகளுள் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் 2,572 பேரே. இது 1.7 சதவிகிதம். ஆனால் அந்நாட்டு மக்கள் தொகையில் அவ்வயதினர் 22 சதவிகிதமாவர். இந்த இடைவெளியைக் கண்ட பலர், குழந்தைகளை இக்கிருமி அண்டுவதில்லை என்று அவசரமாக முடிவு செய்தனர். பின்னர் வந்த இரத்த ஆய்வுகள் அம்முடிவு சரியன்று எனக் காட்டின. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

எண்ணிக்கையும் விகிதமும்

சோதனை செய்யப்பட்ட நூறு பேருள் எத்தனை பேருக்குக் கிருமி இருப்பதாக முடிவு வந்தது என்பதைத் தொற்று விகிதம் என்கிறோம். வெறும் எண்ணிக்கையைவிட இது மேலான அளவுகோல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது உண்மையே. ஒரு நிலையத்தில் ஒரு வாரம் 200 குழந்தைகள் சோதிக்கப்பட்டு 20 பேருக்குத் தொற்று காணப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் 400 பேர் சோதிக்கப்பட்டு 32 பேருக்குத் தொற்று காணப்படுகிறது. செய்தி சொல்பவர், "ஒரே வாரத்தில் 20 குழந்தைகள் 32 ஆயினர்" என்பார். விகிதமோ 10-இலிருந்து 8 ஆகக் குறைந்துள்ளது. எண்ணிக்கை ஏறியதற்குக் காரணம் சோதனை இரட்டித்ததேயாகும்.

எனினும் விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் நலம். ஏனெனில் பெரும்பாலோர் தவறிழைக்கும் இடம் இதுவே. மற்றொரு நிலையத்தில் ஒரு மாதத்தில் 400 குழந்தைகள் சோதிக்கப்படுவதாகக் கொள்வோம். அவர்களுள் 100 பேர் காய்ச்சலும் இருமலும் உடையவர்கள். அவர்களில் 20 பேருக்குத் தொற்று இருக்கிறது. மீதி 300 பேர் அறிகுறி ஏதும் இல்லாதவர்கள். பள்ளியில் சேரவோ, வேறு ஒரு சிறு அறுவைச் சிகிச்சைக்காகவோ, அடுத்த வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டதாலோ சோதனைக்கு வந்தவர்கள். அவர்களில் 6 பேருக்குத் தொற்று இருக்கிறது. ஆக 400-க்கு 26, விகிதம் 6.5 சதவிகிதம். அடுத்த மாதம், அறிகுறி இல்லாதவர்களைச் சோதிக்க வேண்டியதில்லை என்று ஆணை வருகிறது. நோயின் நிலை எள்ளளவும் மாறவில்லை. காய்ச்சலுடன் வந்த அதே 100 பேருள் அதே 20 பேருக்குத் தொற்று காணப்படுகிறது. ஆனால் பதிவேடு இப்பொழுது 20 சதவிகிதம் எனக் காட்டும்! விகிதம் மும்மடங்கானதாக அஞ்சுவோர், ஆணையின் தேதியை நோக்கினால் அச்சம் தெளிவர்.

இது கற்பனைக் கணக்காயினும், இத்தகைய ஆணைகள் கற்பனை அல்ல. 2022 ஜனவரி 10-ஆம் நாள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட அறிவுரைப்படி, நோயாளியுடன் பழகியவரேயாயினும், முதுமையாலோ வேறு நோய்களாலோ ஆபத்து மிகுந்தவராக இல்லாவிடில், அறிகுறியற்றவரைச் சோதிக்க வேண்டியதில்லை எனலாயிற்று. ஓமைக்ரான் அலை எழுந்துகொண்டிருந்த வேளை அது. நோயும் ஏறியது, சோதிக்கப்படுவோரின் தன்மையும் மாறியது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் அம்மாதத்து வரைபடத்தைப் படிக்க இயலாது. அதற்கு முன்பே, 2021 மே மாதத்தில், வீட்டிலேயே சோதித்துக்கொள்ளும் கருவிக்கும் கவுன்சில் அனுமதி அளித்திருந்தது. வீட்டில் சோதித்து, முடிவைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சிறுவரும் வளரிளம் பருவத்தினரும்

பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் "குழந்தைகள்" என ஒரே கட்டில் கட்டிவிடுவது மற்றொரு பிழை. கைக்குழந்தையும், பதினேழு வயது மாணவனும் கொள்ளும் தொடர்புகள் ஒன்றல்ல. அமெரிக்காவில் 2020 மார்ச்சு முதல் செப்டம்பர் வரை பள்ளி வயதினரிடையே 2,77,285 நோயாளிகள் பதிவாயினர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 12 முதல் 17 வயதினர். இலட்சம் பேருக்கு வாரச் சராசரி என்று பார்த்தால், இவ்வயதினரிடம் 37.4, 5 முதல் 11 வயதினரிடம் 19.0. அதாவது வளரிளம் பருவத்தினரிடம் ஏறக்குறைய இருமடங்கு.

இருமடங்கு தொற்று உண்மையிலேயே இருந்ததா, அல்லது சோதனையே அவர்களை அதிகமாகக் கண்டுபிடித்ததா? இதற்கு விடை தேட இரத்த ஆய்வு உதவுகிறது. வேறு நோய்களுக்காக மருத்துவரிடம் வந்தவர்களின் இரத்த மாதிரிகளில் எஞ்சியதை எடுத்து, கொரோனா வைரஸின் உட்பகுதிப் புரதம் ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ளதா என்று அந்நாட்டில் தொடர்ந்து பார்த்து வந்தனர். அங்கு வழங்கப்பட்ட தடுப்பூசிகளால் இவ்வெதிர்ப்பொருள் உண்டாவதில்லை. ஆதலால் இது காணப்பட்டால் முன்னர்த் தொற்று நேர்ந்திருக்கிறது என்று பொருள். 2021 டிசம்பரில் 11 வயது வரையிலானவர்களிடம் இது 44.2 சதவிகிதம், 12 முதல் 17 வயதினரிடம் 45.6 சதவிகிதம். ஓமைக்ரான் அலைக்குப் பின், 2022 பிப்ரவரியில், முறையே 75.2, 74.2 சதவிகிதம். வேற்றுமை இல்லையென்றே கூறலாம். தொடக்க கால வேற்றுமை முழுவதையும் சோதனையின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஏனெனில் இடையில் ஓராண்டுக்கு மேல் கழிந்துவிட்டது, பள்ளிகளும் திறந்துவிட்டன. ஆயினும் இளஞ்சிறாரின் லேசான நோய் சோதனைக்கு வராமலே மறைந்தது என்பதற்கு இது வலிமையான சான்று என்பது எமது கருத்து.

மிசிசிப்பி தரும் பாடம்

புறநோயாளர் சோதனைப் பதிவேட்டைச் சரியான முறையில் பயன்படுத்தினால் எத்துணைப் பயன் விளையும் என்பதற்கு, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று சிறந்த எடுத்துக்காட்டு. 2020 செப்டம்பர் முதல் நவம்பர் தொடக்கம் வரை, அம்மாநிலப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த புறநோயாளர் நிலையங்களிலும், அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் சோதிக்கப்பட்ட பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஆய்வாளர் எடுத்துக்கொண்டனர். தொற்று காணப்பட்டோர் 154 பேர்; காணப்படாதோர் 243 பேர். இரு திறத்தாரின் பெற்றோரிடமும் ஒரே விதமான கேள்விகளைக் கேட்டனர்: சோதனைக்கு முந்திய பதினான்கு நாட்களில் குழந்தை பள்ளிக்குச் சென்றதா? விருந்து, விழா போன்ற கூட்டங்களுக்குச் சென்றதா? வீட்டுக்கு விருந்தினர் வந்தனரா? நோயாளி எவருடனாவது நெருங்கிப் பழகியதா?

ஒப்பீட்டுக்கு ஊரிலுள்ள ஏதோ ஒரு குழந்தையைத் தேடாமல், அதே நிலையத்துக்குச் சோதனைக்காக வந்து தொற்று இல்லையென்ற முடிவு பெற்ற குழந்தையையே கொண்டமை இம்முறையின் நுட்பம். இரு திறத்தாரும் சோதனைக்கு வரும் வாய்ப்பும் வசதியும் உடையவர்கள். ஆதலால் "வந்தவர் யார், வராதவர் யார்" என்ற சிக்கல் பெருமளவு நீங்கிவிடுகிறது.

முடிவு பலரும் எதிர்பாராதது. தொற்று இருந்தவர்களில் 62 சதவிகிதத்தினரும், தொற்று இல்லாதவர்களில் 68 சதவிகிதத்தினரும் பள்ளிக்கோ, குழந்தைகள் காப்பகத்துக்கோ நேரில் சென்றிருந்தனர். அதாவது பள்ளிக்குச் சென்றமை தொற்றுக்குக் காரணமாகத் தோன்றவில்லை. மாறாக, நோயாளியுடன் நெருங்கிய தொடர்பு—அதுவும் பெரும்பாலும் குடும்பத்தினருடனேயே—தொற்று இருந்தவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது. கூட்டங்களுக்குச் சென்றதும், வீட்டுக்கு விருந்தினர் வந்ததும் அவ்வாறே. பள்ளிக்குச் சென்றவர்களுள், வகுப்பறையில் மாணவரும் ஆசிரியரும் முகக்கவசம் அணிந்திருந்ததாகக் கூறியவர்கள் தொற்று இல்லாதவர்களிடையே அதிகம்.

இம்முடிவை எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்திவிடலாகாது. அது ஒரு மருத்துவ அமைப்பின் கணக்கு. பெற்றோரின் நினைவைச் சார்ந்தது. ஓமைக்ரான் போன்று மிக வேகமாகப் பரவும் வகைகள் தோன்றுமுன் செய்யப்பட்டது. ஒரு பெஞ்சில் ஐவர் நெருங்கி அமரும் நமது வகுப்பறைகளின் நிலையும் வேறு. ஆனால் பதிவேட்டில் இரண்டு மூன்று கேள்விகளை மிகுதியாகச் சேர்த்ததாலேயே இத்தனை விஷயங்கள் வெளிப்பட்டன என்பதைக் களப் பணியாளர் கவனிக்க வேண்டும்.

இந்தியக் கணக்கு

2021-ஆம் ஆண்டின் இடைப்பகுதியில், மூன்றாவது அலை வந்தால் அது குழந்தைகளையே தாக்கும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. முதியோருக்குத் தடுப்பூசி கிடைத்துவிட்டது, குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். புறநோயாளர் கணக்குகளில் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறியது அவ்வச்சத்துக்கு எரியும் தீயில் நெய் வார்த்தது போலாயிற்று. இரண்டாவது அலையின் போது எல்லா வயதினரின் எண்ணிக்கையும் ஏறியது என்பதைப் பலர் மறந்தனர்.

அவ்வேளையில் நடந்த இரண்டு ஆய்வுகள் நிலைமையைத் தெளிவாக்கின. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வின் இடைக்கால முடிவின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டோரில் 55.7 சதவிகிதத்தினரிடமும், வயது வந்தோரில் 63.5 சதவிகிதத்தினரிடமும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. அடுத்து, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2021 ஜூன், ஜூலை மாதங்களில் 70 மாவட்டங்களில் நடத்திய நான்காவது தேசிய ஆய்வில் 6 முதல் 9 வயதினரிடம் 57.2 சதவிகிதமும், 10 முதல் 17 வயதினரிடம் 61.6 சதவிகிதமும் காணப்பட்டது. அக்காலத்தில் நம் நாட்டுச் சிறாருக்குத் தடுப்பூசி போடப்படவில்லை. 15 முதல் 17 வயதினருக்கு 2022 ஜனவரி 3-ஆம் நாளும், 12 முதல் 14 வயதினருக்கு அவ்வாண்டு மார்ச்சு 16-ஆம் நாளுமே அது தொடங்கிற்று. ஆகவே அவ்வெதிர்ப்பொருள் தொற்றினால் வந்ததே. பள்ளிகள் பெரும்பாலும் மூடியிருந்த காலத்திலேயே சிறாரில் பாதிக்கு மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளாகி, அவர்களுள் பெரும்பாலோர் சோதனைக்கே வராமல் தேறிவிட்டனர்.

குழந்தைகள் நோயைப் பரப்புவதில்லை என்ற எதிர்முனைக் கருத்தும் தவறே. ஆந்திரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் 84,965 நோயாளிகளுடன் பழகிய 5,75,071 பேரைப் பின்தொடர்ந்து சோதித்த ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்க்காமல், தொடர்புடையோரை ஊழியர் தேடிச் சென்று சோதித்தமையால், சிறுவர் தம் வயதொத்த சிறுவருக்குத் தொற்றைக் கொடுப்பதும் அதில் தெரியவந்தது. அதே ஆய்வில், நோயுறுதி பெற்ற 5 முதல் 17 வயதினரிடையே இறப்பு 0.05 சதவிகிதம், 85 வயதுக்கு மேற்பட்டோரிடம் 16.6 சதவிகிதம். ஆகவே சிறுவர் தொற்றுக்கு ஆளாகின்றனர், பரப்பவும் செய்கின்றனர், ஆனால் கடுமையாக நோயுறுவது மிகக் குறைவு. இம்மூன்றையும் ஒருங்கே நினைவில் கொள்ளாதவர் ஒருபுறம் அலட்சியத்திலோ, மறுபுறம் பீதியிலோ விழுகின்றனர்.

சோதனைக் கருவியின் குறை

துரித ஆன்டிஜென் சோதனை அரை மணி நேரத்துக்குள் முடிவு தருவது. 2020 ஜூன் மாதத்தில் இதற்கு முதலில் அனுமதி அளித்தபோது, தொற்றுள்ளோரைக் கண்டறியும் திறன் 50.6 முதல் 84 சதவிகிதம் வரை எனவும், தொற்றில்லாதோரைச் சரியாக விலக்கும் திறன் 99.3 முதல் 100 சதவிகிதம் வரை எனவும் கவுன்சில் அறிவித்தது. ஆகவேதான் அறிகுறி உள்ளவருக்குத் தொற்று இல்லையென இதில் வந்தால், ஆர்.டி.-பி.சி.ஆர். முறையில் மறுபடி சோதிக்க வேண்டும் என்று பணிக்கப்பட்டது.

மற்றொரு விளைவும் உண்டு. ஒரு பள்ளியில் அறிகுறியற்ற 1,000 மாணவரை இக்கருவியால் சோதிக்கிறோம் என்றும், அவர்களுள் 10 பேருக்கே தொற்று என்றும் கொள்வோம். கண்டறியும் திறன் 60 சதவிகிதமாயின் 6 பேர் பிடிபடுவர். விலக்கும் திறன் 99.5 சதவிகிதமாயின், நலமாக உள்ள 990 பேரில் 5 பேருக்குத் தவறாகத் தொற்று என வரும். ஆக, தொற்றென்று சொல்லப்பட்ட 11 பேருள் ஏறக்குறைய பாதிப் பேர் நலமானவர்கள்! இதே கருவியைக் காய்ச்சலுடன் வரும் 1,000 குழந்தைகளிடம், அவர்களுள் 200 பேருக்குத் தொற்றிருக்கும் காலத்தில், பயன்படுத்தினால் 120 பேர் சரியாகப் பிடிபடுவர். தவறாக வருவோர் நால்வரே. கருவி ஒன்றே, யாரிடம், எப்பொழுது பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அதன் சொல்லுக்கு மதிப்பு மாறுகிறது. மேலும், திமிறி அழும் குழந்தையின் மூக்கில் பஞ்சுக் குச்சி போதிய ஆழம் செல்லாவிடில், எந்தச் சோதனையும் பொய்க்கும். தாயின் மடியில் குழந்தையை இருத்தி, தலையை மெல்லப் பிடித்துக்கொள்ளச் செய்து எடுப்பதே தகுந்த முறை.

பதிவேட்டில் எழுத வேண்டுவன

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் அவசர நிலையை முடித்துக்கொண்டது. அதன் பிறகு சோதனை எங்கும் வெகுவாகக் குறைந்துள்ளது. கிருமி மறையவில்லை, இன்ஃபுளுயென்சா முதலிய ஏனைய சுவாச வைரஸ்களுடன் சேர்ந்து வந்துபோகிறது. இக்காலத்தில் மொத்த எண்ணிக்கையைக் கொண்டு போக்கை அறிய முடியாது. குறிப்பிட்ட சில நிலையங்களில், இன்ஃபுளுயென்சா போன்ற நோயின் இலக்கணத்துக்குப் பொருந்துபவர்களுள்—அதாவது 38 டிகிரி சென்டிகிரேடும் அதற்கு மேலும் காய்ச்சல், இருமல், தொடங்கிப் பத்து நாட்களுக்குட்பட்டது—வாரந்தோறும் ஒரே அளவில், ஒரே முறையில் தெரிந்தெடுத்து மாதிரி எடுப்பதே நம்பத் தகுந்த வழி. யாரைத் தெரிந்தெடுப்பது என்பதை ஊழியரின் விருப்பத்துக்கு விட்டால் பழைய சிக்கலே மீண்டும் வரும்.

பதிவேட்டில் வயதை ஆண்டுக் கணக்கில் எழுத வேண்டும். "சிறுவன்", "சிறுமி" என்பது போதாது. அறிகுறி தொடங்கிய நாளும், மாதிரி எடுத்த நாளும் தனித்தனியே வேண்டும். எக்காரணத்துக்காகச் சோதனை, எவ்வகைச் சோதனை, முதன்முறையா மறுமுறையா என்பனவும் இன்றியமையாதன. மறுசோதனைகளைப் புதிய நோயாளியாக எண்ணிவிட்டால் கணக்கு வீங்கிவிடும். விதிமுறை மாறிய நாளைப் பதிவேட்டின் ஓரத்தில் சிவப்பு மையால் குறித்து வைத்தால், ஆறு மாதம் கழித்து வரைபடம் வரைபவர் நன்றி கூறுவார்.

ஆசிரியர் செய்யக்கூடியது வேறு. காய்ச்சலுற்ற மாணவன் மீண்டும் வகுப்புக்கு வரச் சோதனைச் சான்று கொண்டுவர வேண்டுமென வற்புறுத்தினால், நலமானவர்களின் கூட்டம் புறநோயாளர் பிரிவில் பெருகும். தொற்று விகிதம் பொய்யாகத் தாழும். தொற்று கண்ட மாணவனின் பெயரை வகுப்பில் சொல்லிவிட்டால், அடுத்த வீட்டுப் பெற்றோர் தம் குழந்தையின் காய்ச்சலை மறைப்பர். எண்ணிக்கையும் பொய்யாகத் தாழும். மாறாக, வருகைப் பதிவேட்டில் வராதவர்களுக்கு நேரே "காய்ச்சல்" என்று ஒரு சொல்லைக் குறித்து, ஒரே வகுப்பில் வழக்கத்துக்கு மாறாகப் பலர் ஒரே வாரத்தில் வராதிருப்பின் அதனைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, ஆஷா பணியாளரிடமோ தெரிவிக்கலாம். சோதனைக்கு எவரும் செல்லாத ஊரிலும், அந்த ஒரு சொல்லைக் கொண்டு மாதிரி எடுக்க எங்கே செல்ல வேண்டும் என்பதைச் சுகாதார நிலையம் அறிந்துகொள்ளும்.